கார் இன்சூரன்ஸ்: க்ளைம் டெஸ்க்ல தினமும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் சென்னைல ஒரு கார் சர்வீஸ் சென்டர்ல பதினோரு வருஷமா க்ளைம் டெஸ்க்ல இருக்கேன். அடிபட்ட வண்டி டோ பண்ணி உள்ள வந்ததும் ஓனர் மொதல்ல என் டேபிளுக்குத்தான் வருவாரு, பாலிசி காப்பிய நீட்டிட்டு "ஃபுல் இன்சூரன்ஸ்தான் சார், கைக்காசு எதுவும் போகாதுல்ல?"ம்பாரு. ஃபுல் இன்சூரன்ஸ்னு எந்த பாலிசிலயும் ஒரு வார்த்தை கிடையாது. அதை அந்த நேரத்துல, வண்டி நசுங்கிக் கெடக்குறப்ப, நான் எடுத்து சொல்றது எனக்கே கஷ்டமா இருக்கும். ரெனீவல் பண்ற அன்னிக்கே தெரிஞ்சிருந்தா முக்காவாசி பேருக்கு இந்த நெலமை வராது, அதனாலதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை உக்காந்து எழுதுறேன்.

ஃபுல் இன்சூரன்ஸ், தேர்ட் பார்ட்டி, ஃபர்ஸ்ட் பார்ட்டின்னு சொல்றாங்களே, எது என்ன?

நம்ம கார் போய் அடுத்தவங்களுக்கு பண்ற சேதத்துக்கு தேர்ட் பார்ட்டி. ரோட்ல போறவரு, பைக்ல வந்தவரு, எதிர் வண்டி, இடிச்ச காம்பவுண்டு சுவர், இதெல்லாம் அதுல வரும். நம்ம காருக்கு ஆகுற சேதம், திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழறது, இதுக்கெல்லாம் ஓன் டேமேஜ், சுருக்கமா ஓடி. ரெண்டும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியத்தான் ஊர்ல ஃபுல் இன்சூரன்ஸ், ஃபர்ஸ்ட் பார்ட்டி, காம்ப்ரஹென்சிவ்னு ஆளுக்கு ஒரு பேர்ல சொல்றாங்க. அது மேல எக்ஸ்ட்ரா காசு குடுத்து சேர்க்குறதெல்லாம் ஆட்-ஆன். உங்க பாலிசிய எடுத்து பிரீமியம் டேபிளைப் பாருங்க, எதுக்கு காசு கட்டியிருக்கீங்கன்னு வரி வரியா இருக்கும். அந்த டேபிள்ல இல்லாதது உங்களுக்கு கிடையாது, ஏஜென்ட் வாயால சொல்லியிருந்தாலும் கிடையாது.

சட்டப்படி தேர்ட் பார்ட்டிதானே கட்டாயம், அதை மட்டும் போட்டா போதாதா?

1988 மோட்டார் வாகன சட்டத்துல 146வது பிரிவு கேக்குறது தேர்ட் பார்ட்டி மட்டும்தான், அது உண்மை. அது இல்லாம ஓட்டுனா 2019 திருத்தத்துக்கு அப்புறம் மொத தடவை 2,000 ரூபா அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும், மறுபடி மாட்டுனா 4,000. ஆனா அபராதம் சின்ன விஷயம்ங்க. உங்க கார் ஒருத்தர் உயிரை எடுத்துட்டா அவரு வயசு என்ன, சம்பளம் என்ன, வீட்ல எத்தனை பேர் அவரை நம்பி இருந்தாங்கன்னு பாத்து டிரிபியூனல்ல, அதாவது விபத்து கேஸை விசாரிக்கிற கோர்ட்ல, நஷ்டஈடு போடுவாங்க, அது அம்பது லட்சமும் போகும் கோடியும் போகும். உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் பாலிசில மேல் வரம்பு இல்ல, டிரிபியூனல் சொல்றதை கம்பெனி கட்டும். பாலிசி இல்லன்னா உங்க வீடு நிலம் மேல வரும். அடுத்தவங்க பொருளுக்கு மட்டும் ஏழரை லட்சம்னு வரம்பு உண்டு.

தேர்ட் பார்ட்டி ரேட்டை கவர்மென்ட் நிர்ணயிக்குது. 2022 ஜூன்ல வந்த கணக்குப்படி 1000 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 2,094, அதுக்கு மேல 1500 வரைக்கும் 3,416, அதையும் தாண்டுனா 7,897, ஜிஎஸ்டி தனி. எலக்ட்ரிக் காருக்கு 15 சதவீதம் கம்மி. எந்த கம்பெனிக்குப் போனாலும் இது ஒரே ரேட், அதனால "அவன் கம்மியா தர்றான்"னு சொல்ற வித்தியாசம் எல்லாமே ஓடிலயும் ஆட்-ஆன்லயும்தான் இருக்கும், எதைக் கழட்டிட்டு கம்மி பண்ணாங்கன்னு அங்க தேடுங்க.

என் கார்ல கூட வர்ற சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸுக்கு கவர் ஆகுமா?

இந்தக் கேள்விய யாரும் கேக்குறதில்ல, கேக்கணும்னுதான் இங்க போட்டேன்.

எங்க சித்தப்பாகிட்ட ஒரு பழைய கார் இருந்துச்சு. வண்டியே ஒரு லட்சம் பெறாது, அதுக்கு எதுக்கு ஃபுல்லுன்னு தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு வெச்சிருந்தாரு. திருவண்ணாமலை கிரிவலத்துக்கு பக்கத்து வீட்டு அண்ணனையும் அக்காவையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டு விடியக்காலைல திரும்பி வர்றப்ப திண்டிவனம் தாண்டி தூக்கக் கலக்கத்துல சென்டர் மீடியன்ல ஏத்திட்டாரு. வேற வண்டி எதுவும் சம்பந்தப்படல. பின்னாடி உக்காந்திருந்த அக்காவுக்கு தொடை எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சாங்க. இன்சூரன்ஸ்தான் இருக்கே, அவங்க செலவு கிடைச்சிரும்னு சித்தப்பா நம்பிக்கிட்டிருந்தாரு. ஒரு ரூபா வரல. வெறும் லயபிலிட்டி பாலிசில, அதாவது தேர்ட் பார்ட்டி மட்டும் இருக்குறதுல, பிரைவேட் கார்ல காசு வாங்காம கூட்டிட்டுப் போறவங்க வரமாட்டாங்க, சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் தீர்ப்பு குடுத்திருக்கு. பேக்கேஜ் பாலிசியா இருந்தா கார்ல உக்காந்திருக்கவங்களுக்கும் கம்பெனிதான் பொறுப்பு. சித்தப்பா நகைய வெச்சு அந்த அக்காவோட ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுனாரு, ரெண்டு வீட்டுக்கும் இன்னைக்கும் பழைய பேச்சு வார்த்தை இல்ல.

அதனால வண்டியோட விலைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. வண்டி பழசா இருக்கலாம், உள்ள உக்கார்றவங்க நம்ம மனுஷங்க. பேக்கேஜோட கூடவே "அன்நேம்டு பாசெஞ்சர்"னு ஒரு பிஏ (பெர்சனல் ஆக்சிடென்ட்) கவர் இருக்கு, ஒரு சீட்டுக்கு 2 லட்சம் வரைக்கும் எடுக்கலாம், பிரீமியம் சில நூறு ரூபாதான் வரும். சம்பளத்துக்கு டிரைவர் வெச்சிருந்தா அவருக்கு தனியா லீகல் லயபிலிட்டி சேர்க்கச் சொல்லுங்க, டாரிஃப்ல வருஷத்துக்கு வெறும் 50 ரூபா, அதையும் விட்டுட்டு வர்றாங்க.

அப்போ ஓட்டுற ஓனருக்கு?

ஓனர் டிரைவர் பிஏ, 15 லட்சம், கட்டாயம். வேற பாலிசில ஏற்கனவே அதே 15 லட்சத்துக்கு ஆக்சிடென்ட் கவர் இருந்தா எழுதிக் குடுத்து இதை விட்டுடலாம், ரெண்டு தடவை கட்ட வேண்டியதில்ல. ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் இது, லைசென்ஸும் இருக்கணும். மனைவி பேர்ல வண்டி வாங்கிட்டு கணவர் மட்டுமே ஓட்டுற வீடு நிறைய இருக்கு, அங்க ஓட்டுறவருக்கு இது உதவாது. அவரு தனியா ஒரு ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துக்கிறது நல்லது.

பம்பர் டு பம்பர் கோர்ட்டே கட்டாயம்னு சொல்லிடுச்சாமே?

இல்ல. பார்ட்டுக்கு தேய்மானம் கழிக்காம க்ளைம் குடுக்குற ஆட்-ஆனைத்தான் பம்பர் டு பம்பர், ஜீரோ டெப்னு சொல்றாங்க. 2021 ஆகஸ்ட்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல அப்படி ஒரு உத்தரவு வந்துச்சு, செப்டம்பர் 1லேந்து விக்கிற புது வண்டிக்கெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு பம்பர் டு பம்பர் போடணும்னு. வண்டில இருக்குற ஆளுங்களுக்கும் கவர் வரணுங்கிற நோக்கத்துல சொன்னது அது. நடைமுறைக்கு ஒத்து வராதுன்னு அடுத்த மாசமே திரும்ப வாங்கிட்டாங்க. வாட்ஸ்அப்ல மட்டும் மொத உத்தரவு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.

புது கார், மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு, இப்ப எதுக்கு ரெனீவல்னு போன் வருது?

அந்த போனை தயவுசெஞ்சு கட் பண்ணாதீங்க. 2018 செப்டம்பர்லேந்து புது காருக்கு தேர்ட் பார்ட்டி மூணு வருஷத்துக்கு மொத்தமா கட்டணும்னு ஆயிடுச்சு, ஓடி பெரும்பாலும் ஒரு வருஷம்தான் போடுறாங்க. ஆப்ல பாத்தா இன்சூரன்ஸ் மூணு வருஷம் கழிச்சு முடியுதுன்னு காட்டும், போலீஸ் புடிச்சாலும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க, நாமளும் நிம்மதியா இருப்போம், ஆனா மொத பர்த்டே முடிஞ்ச மறுநாள்லேந்து உங்க வண்டிக்கு ஒரு கவரும் இல்ல. வாங்கி பதினாலு மாசம் ஆன வண்டி முன்பக்கம் நொறுங்கி வந்து, ஓடி எக்ஸ்பயர் ஆயி ரெண்டு மாசம் ஆச்சுன்னு நான் சொன்னதும் அந்தத் தம்பி என் முன்னாடியே சேர்ல உக்காந்து மொபைலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ரெண்டாவது வருஷம் ஓடிய மட்டும் தனியா எந்த கம்பெனிலயும் எடுக்கலாம், தேர்ட் பார்ட்டி இருக்குற கம்பெனிலயே எடுக்கணும்னு அவசியமில்ல. பாலிசில ரெண்டு தேதி இருக்கும், ரெண்டையும் காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஐடிவி எவ்வளவு வெக்கணும்?

வண்டி திருடு போனாலோ மொத்தமா போனாலோ கம்பெனி குடுக்குற அதிகபட்ச தொகைதான் ஐடிவி. புது வண்டி ஷோரூம் விலைலேந்து வயசுக்கு ஏத்த மாதிரி கழிப்பாங்க, ஒரு வருஷம் முடியுறதுக்குள்ள 15 சதவீதம், ரெண்டாவது வருஷத்துல 20, அப்புறம் 30, 40, அஞ்சாவது வருஷத்துல 50. அஞ்சு வருஷத்துக்கு மேல நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. ரோடு டாக்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் செலவு இதுல வராது.

ஆன்லைன்ல பிரீமியம் கம்மியா காட்டுறதுக்கு ஐடிவிய கீழ இழுத்து வெச்சிருப்பாங்க, நாமளும் விலையப் பாத்து ஓகே குடுத்துடுவோம். ஆறு லட்சம் போற வண்டிக்கு நாலரை லட்சம் ஐடிவி வெச்சு வருஷத்துக்கு ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ மிச்சம் புடிச்சா, வண்டி திருடு போற அன்னிக்கு ஒன்றரை லட்சம் விட்டுட்டோம்னு அர்த்தம். ரொம்ப ஏத்தி வெச்சாலும் லாபமில்ல. இன்னைக்கு இந்த வண்டிய வித்தா என்ன வருமோ அதுக்கு கிட்டக்க வைங்க.

ஜீரோ டெப் வேணுமா வேணாமா?

வண்டி அஞ்சு வருஷத்துக்குள்ளன்னா வேணும், நான் ரெண்டாவது பேச்சே பேச மாட்டேன். ஏன்னு ஒரு பில்லோட காட்டுறேன், கணக்கு புரியறதுக்காக நானே போட்ட ரவுண்டு தொகைதான், ஜிஎஸ்டிய விட்டுட்டேன்.

மூணரை வருஷம் ஆன 1200 சிசி கார், முன்னாடி லேசா மோதிருச்சு. முன் பம்பர் 8,000. ஹெட்லைட் 12,000. பானெட் 10,000. முன் கண்ணாடி 6,500. டிங்கரிங் பெயிண்டிங் 12,000. கிளிப்பு, நட்டு போல்ட்டு, கூலன்ட்டுன்னு சில்லறை சாமான் 1,500. மொத்தம் 50,000.

இப்ப வெறும் பேக்கேஜ் பாலிசில இது எப்படி வெட்டுப்படும்னு பாருங்க. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் பாதி, வண்டி வாங்கி ஒரு மாசம்தான் ஆயிருந்தாலும் பாதிதான். பம்பர்ல 4,000 போச்சு, ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் கணக்குலதான் வரும், அதுல 6,000. இரும்பு பார்ட்டுக்கு வயசுப்படி, இந்த வயசுக்கு 25 சதவீதம், பானெட்ல 2,500. கண்ணாடிக்கு வெட்டு இல்ல. பெயிண்டிங் பில்லுல கால்வாசிய பெயிண்டு மெட்டீரியல்னு எடுத்துக்கிட்டு அதுல பாதி, 1,500. சில்லறை சாமான் 1,500 மொத்தமும் கிடையாது. அதுக்கு மேல கட்டாய டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளைம்லயும் நாமளே போட வேண்டிய தொகை, 1,000, 1500 சிசிக்கு மேல போற வண்டின்னா 2,000. கூட்டுங்க, 16,500 ரூபா உங்க கைலேந்து. ஜீரோ டெப் இருந்தா அந்த நாலு வெட்டும் இல்ல, நீங்க குடுக்குறது 2,500. சில்லறை சாமானுக்கான கன்சூமபிள்ஸ் கவரும் இருந்தா வெறும் ஆயிரம்.

அந்த ஆயிரத்தை ஜீரோ டெப் இருந்தாலும் நீங்கதான் கட்டணும், "பம்பர் டு பம்பர்னு சொன்னாங்களே சார்"னு அதுக்கும் சண்டைக்கு வருவாங்க. நிறைய கம்பெனி வருஷத்துக்கு இத்தனை க்ளைம்தான்னு வரம்பு வெச்சிருக்கு, அதையும் வாங்குறப்பவே கேட்டுக்கோங்க. நடுவுல ஒரு வருஷம் ஜீரோ டெப்ப விட்டீங்கன்னா அடுத்த வருஷம் குடுக்க யோசிப்பாங்க.

மழைத்தண்ணில வண்டி நின்னா க்ளைம் கிடைக்குமா?

வெள்ளம் பேக்கேஜ் பாலிசிலயே கவர் ஆகுது. சீட்டு, கார்பெட்டு, ஒயரிங், எலக்ட்ரானிக்ஸ் நனைஞ்சதுக்கெல்லாம் வரும். பிரச்சினை என்ஜின்ல.

2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்பவும் எங்க யார்டுல வண்டி நிறுத்த இடமில்லாம ரோடு வரைக்கும் வரிசை நின்னுச்சு. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைலேந்து ஒன்னு மேல ஒன்னா டோ ஆகி வந்துச்சு. அதுல ரெண்டு வகை வண்டி இருந்துச்சு. ஒன்னு, முழுகிக் கெடந்து யாரும் தொடாம அப்படியே தூக்கிட்டு வந்தது. அதுல ஆயில் மாத்தி, சுத்தம் பண்ணி, பெரும்பாலும் என்ஜினைக் காப்பாத்திட்டோம். இன்னொன்னு, தண்ணி வடிஞ்சிருச்சேன்னு ஓனர் சாவியத் திருகிப் பாத்தது. டிப்ஸ்டிக்கை உருவுனா ஆயில் பால் காபி கலர்ல வரும். சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கப்ப ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் மேல வர்றப்போ தண்ணிய அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். எங்க மெக்கானிக் ஒருத்தர் அந்த வளைஞ்ச ராடை வெளிய எடுத்து என் டேபிள் மேல வெச்சாரு, கைத்தண்டி இரும்பு, கம்பிய முறுக்குன மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை சாவியத் திருகுனதுக்கு ஒன்றரை லட்சம் எஸ்டிமேட்.

அதை கம்பெனி வெள்ளத்தால வந்த சேதம்னு எடுத்துக்காது, வெள்ளத்துக்கு அப்புறம் நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்த சேதம், கான்சிக்வென்ஷியல் டேமேஜ்னு தள்ளிடும். என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தா இது வரும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி தண்ணி தேங்குற ஊர்ல இருக்கவங்க, பேஸ்மென்ட் பார்க்கிங்ல வண்டி விடுறவங்க, ஜீரோ டெப்புக்கு அடுத்து இதை எடுங்க. ஆட்-ஆன் இருக்கோ இல்லையோ, தண்ணி ஏறின வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, முடிஞ்சா பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு டோ வண்டியக் கூப்பிடுங்க. 2024 அக்டோபர்ல மழை அலர்ட் வந்ததும் வேளச்சேரி பாலத்து மேல வரிசையா கார் கொண்டுபோய் நிறுத்துனாங்களே, அனுபவப்பட்ட ஜனங்க.

மத்த ஆட்-ஆன்ல எது தேவை?

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், வண்டி புதுசா இருக்குற மொத சில வருஷம், அதுவும் லோன்ல வாங்குன வண்டின்னா நல்லது. திருடு போனாலோ டோட்டல் லாஸ் ஆனாலோ ஐடிவிக்கு பதிலா பில் விலை கிடைக்கும், லோன் பாக்கி தலைமேல நிக்காது. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் கம்மி காசுதான், ஆனா கார் கம்பெனியே குடுத்திருந்தா மறுபடி வாங்காதீங்க. சாவி, டயர் கவரெல்லாம் உங்க சௌகரியம். எலக்ட்ரிக் கார்னா பேட்டரி, சார்ஜர் எதுல எவ்வளவு கவர்னு எழுத்துல கேட்டு வாங்குங்க, அந்த வண்டியோட விலையே பேட்டரிலதான் இருக்கு.

கீறல் விழுந்திருக்கு, க்ளைம் போடலாமா?

அவசரப்படாதீங்க. க்ளைம் இல்லாம ஓட்டுனா ஓடி பிரீமியத்துல தள்ளுபடி ஏறிக்கிட்டே போகும், என்சிபிம்பாங்க, 20, 25, 35, 45, அஞ்சு வருஷம் க்ளைம் இல்லன்னா 50 சதவீதம். ஒரு க்ளைம் போட்டா திரும்ப சைபர். ஓடி 10,000 ரூபா, உங்களுக்கு 50 சதவீதம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. க்ளைம் போட்டா அடுத்த வருஷம் 5,000 அதிகமா கட்டணும், அதுக்கடுத்து 3,000, அப்புறம் 2,500, 1,500, 500. அஞ்சு வருஷத்துல 12,500 ரூபா. நாலாயிரம் ரூபா கீறலுக்கு, அதுலயும் ஆயிரம் நம்ம கை விட்டுப் போறதுக்கு, க்ளைம் போட்டா யாருக்கு நஷ்டம்? மொதல்ல ஒரு எஸ்டிமேட் வாங்கி இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க, எங்கள மாதிரி சர்வீஸ் சென்டர்ல "க்ளைம்ல போட்டுரலாம் சார்"னு சொன்னாலும் நீங்க கணக்கு போடுங்க.

கம்பெனி மாறுறப்போ, போன வருஷம் க்ளைம் எடுத்தீங்களான்னு கேக்குற இடத்துல மட்டும் பொய் சொல்லாதீங்க. அடுத்த க்ளைம்ல பழைய கம்பெனிகிட்ட கேட்டு கண்டுபுடிச்சிருவாங்க, ஓடி க்ளைமே போயிரும்.

ரெனீவல் தேதி தாண்டிருச்சு, என்ன பண்றது?

வண்டிய எடுக்காம மொதல்ல ரெனீவ் பண்ணுங்க. இன்ஸ்பெக்‌ஷன் கேப்பாங்க, ஆப்லயே வீடியோ எடுத்து அனுப்புற மாதிரிதான் இப்ப நிறைய இடத்துல. 90 நாளுக்குள்ள பண்ணிட்டா என்சிபி தப்பிக்கும், தாண்டுனா அஞ்சு வருஷம் சேத்ததும் போச்சு.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருக்கேன், இன்சூரன்ஸ் அவர் பேர்ல ஓடிக்கிட்டிருக்கு, இருக்கட்டுமா?

கூடாது. தேர்ட் பார்ட்டி பகுதி வண்டியோட தானா வந்துரும், ஓடி வராது. கை மாறி 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதி பேர் மாத்தணும். ஆர்சி உங்க பேர்ல, பாலிசி பழைய ஓனர் பேர்ல இருக்குற நிலைமைல வண்டி அடிபட்டா ரெண்டு பேருக்கும் காசு கிடைக்காது, வண்டி அவரோடது இல்ல, பாலிசி உங்களோடது இல்ல. விக்கிறவங்களுக்கு ஒன்னு, என்சிபி வண்டிக்கு சொந்தமில்ல, உங்களுக்கு சொந்தம். உங்க என்சிபி எவ்வளவுன்னு கம்பெனி எழுதிக் குடுக்குற ரிட்டென்ஷன் லெட்டர் வாங்கி வெச்சா மூணு வருஷத்துக்குள்ள அடுத்து எடுக்குற கார்ல போட்டுக்கலாம். புது கார் பில்லுல ஆயிரக்கணக்குல குறையும், முக்காவாசி பேர் அந்த லெட்டரைக் கேக்குறதே இல்ல.

வேற யாராவது என் காரை ஓட்டுறப்ப அடிபட்டா?

சரியான லைசென்ஸ் இருக்குறவரு உங்க அனுமதியோட ஓட்டுனா கவர் உண்டு. லைசென்ஸ் இல்லாத பையன்கிட்ட சாவியக் குடுத்தாலோ, குடிச்சிட்டு ஓட்டுனாலோ உங்க வண்டிக்கு ஒன்னும் வராது, அடிபட்டவருக்கு கம்பெனி கட்டிட்டு அதை உங்ககிட்டேந்து வசூல் பண்ணவும் கோர்ட் விடும். ஒயிட் போர்டு காரை வாடகைக்கு விடுறதும் அப்படித்தான், கல்யாண சீசன்ல ஒரு நாள்தானேன்னு விடுவாங்க, பிரைவேட் பாலிசில வாடகை ஓட்டம் கிடையாது. வெளில கேஸ் கிட் போட்டா ஆர்சிலயும் பாலிசிலயும் ஏத்துங்க.

பத்து வருஷம் ஆன காருக்கும் பேக்கேஜ் எடுக்கணுமா?

எங்க சித்தப்பா கதைய நெனச்சுப் பாருங்க. ஜீரோ டெப்ப விடுங்க, ஐடிவி ஒரு லட்சமோ ரெண்டு லட்சமோ இருக்கட்டும், ஓடி பிரீமியம் அதுக்கேத்த மாதிரி கம்மியாத்தான் வரும். குடும்பத்தோட ஊருக்குப் போற வண்டின்னா எடுங்க. வாரம் ஒரு தடவை காய்கறி வாங்க தனியாளா எடுக்குற வண்டின்னா உங்க இஷ்டம்.

ஷோரூம்லயே எடுக்கலாமா, ஆன்லைனா?

ஷோரூம்ல எடுத்தாத்தான் வண்டி டெலிவரின்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. வெளில ஒரு கொட்டேஷன் வாங்கி அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் வெச்சு ஒப்பிடுங்க. வித்தியாசம் ரெண்டாயிரம் மூவாயிரத்துக்குள்ளன்னா நீங்க சர்வீஸ் விடுற இடத்துல எந்த கம்பெனிக்கு கேஷ்லெஸ் (பில்லை கம்பெனி நேரா சர்வீஸ் சென்டருக்கு கட்டுறது) இருக்கோ அதை எடுங்க, பின்னாடி அலைச்சல் இல்ல.

ஆக்சிடென்ட் ஆயிருச்சு, மொதல்ல என்ன செய்யணும்?

யாருக்காவது அடின்னா 108, ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம்தான் எல்லாம், சட்டமும் அதைத்தான் சொல்லுது. போலீஸுக்கு தகவல் குடுங்க. ரோட்லயே காசு பேசி செட்டில் பண்ணாதீங்க, "என் தப்புதான்"னு எழுதிக் குடுக்காதீங்க, கம்பெனியக் கேக்காம ஒத்துக்கிட்டா அதை வெச்சே மறுப்பாங்க. வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ, எதிர் வண்டி நம்பரோட. அன்னிக்கே கம்பெனிக்கு போன் பண்ணி க்ளைம் நம்பர் வாங்குங்க. அடியில ஆயில் ஒழுகுச்சுன்னா ஓட்டிக்கிட்டு வராதீங்க, டோ பண்ணுங்க. சேதத்தைக் கணக்கு போடுற சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் ஒரு பார்ட்டையும் கழட்ட விடாதீங்க.

டோட்டல் லாஸ்னு எப்ப சொல்வாங்க?

ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்தைத் தாண்டுனா. லோன் இருந்தா காசு மொதல்ல பேங்குக்குத்தான் போகும், மீதி உங்களுக்கு. திருட்டுன்னா எஃப்ஐஆர், வண்டி கிடைக்கலன்னு போலீஸ் குடுக்குற சர்டிஃபிகேட், ரெண்டு சாவி, எல்லாம் கேப்பாங்க. அந்த ரெண்டாவது சாவி வீட்ல எங்க இருக்குன்னு இன்னிக்கே பாத்து வெச்சுக்கோங்க.

க்ளைமை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, அவ்ளோதானா?

இல்ல, இங்கதான் ஜனங்க சீக்கிரம் விட்டுடுறாங்க. காரணத்தை எழுத்துல கேளுங்க, பாலிசில எந்த கண்டிஷன்படின்னு. அதே கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துலயும் பதியலாம், 155255க்கு போன்லயும் சொல்லலாம். ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ பதில் திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்ற ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னைல ஆபீஸ் இருக்கு. 50 லட்சம் வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், கம்பெனி கைவிரிச்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும். எங்ககிட்ட வந்த ஒரு அக்கா, நனைஞ்ச வண்டிக்கு மறுத்த க்ளைமை, டோ பண்ணப்ப எடுத்த போட்டோவையும் டோ வண்டி ரசீதையும் வெச்சே அங்க ஜெயிச்சாங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணவே இல்லங்கிறதுக்கு அந்த ரசீதுல இருந்த நேரம்தான் சாட்சி.